மகளுக்குக் காலிபிரேஷன் லேபில் வேலை: சேர்க்கலாமா?

அன்புள்ள அம்மா,

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த உங்கள் மகளுக்கு ஒசூரில் ஒரு காலிபிரேஷன் லேபில் வேலை கிடைத்திருக்கிறது, "எடைக்கல்லுக்கு முத்திரை போடுகிற வேலைதானே, இதில் முன்னேற வழி உண்டா" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேர்க்கலாம். சேர்வதற்கு முன் அந்த லேபைப் பற்றி நன்றாக விசாரித்துவிடுங்கள்.

கடைத் தராசுக்கும் பெட்ரோல் பங்க்குக்கும் முத்திரை போடுவது 2009-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி அரசு செய்யும் வேலை. தமிழ்நாட்டில் அதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. உங்கள் மகள் போகும் இடம் வேறு. தொழிற்சாலைகளின் மைக்ரோமீட்டர் (தடிமன் அளப்பது), பிரஷர் கேஜ் (அழுத்தம் அளப்பது), தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளப்பது) எல்லாம் எவ்வளவு பிசகிக் காட்டுகின்றன என்று, அவற்றைவிடத் துல்லியமான ஸ்டாண்டர்டோடு, அதாவது ஒப்பிடுவதற்கென்றே வைத்திருக்கும் அளவோடு, ஒப்பிட்டு எழுதிக் கொடுக்கும் இடம். அந்த ஸ்டாண்டர்டை அதைவிடத் துல்லியமான இன்னொன்றோடு ஒப்பிட்டிருப்பார்கள். இப்படியே படிப்படியாக மேலே போனால் டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் நிற்கும்.

காலிபிரேஷன் என்றால் கருவியைச் சரிசெய்வது என்று பலர் நினைக்கிறார்கள். சரிசெய்வது தனி வேலை. எவ்வளவு பிழை, அந்தப் பிழையை எவ்வளவு நம்பலாம் என்று சொல்வதோடு காலிபிரேஷன் முடிகிறது. இந்த இரண்டாவது கேள்விக்கான பதில்தான் அன்சர்ட்டன்டி. அதைக் கணக்கிடத் தெரிந்தவருக்கே இந்தத் துறையில் மதிப்பு.

வேலையின் நுணுக்கத்துக்கு ஒரு மைக்ரோமீட்டரைப் பாருங்கள். 0-25 மி.மீ. மைக்ரோமீட்டரை 5, 10, 15, 20, 25 என்று முழு அளவு ஸ்லிப் கேஜ்களில் (நீளம் துல்லியமாகத் தெரிந்த கட்டைகள்) சோதித்தால் போதும் என்று தோன்றும். ஆனால் அதன் திருகின் ஒரு சுற்று 0.5 மி.மீ. இந்த அளவுகள் எல்லாவற்றிலும் திம்பிள் (கையால் சுற்றும், கோடு போட்ட உருளை) பூஜ்ஜியக் கோட்டிலேயே வந்து நிற்கும். ஒரு சுற்றுக்குள் மரை தேய்ந்திருந்தால் அது கண்ணில் படவே படாது. அதனால்தான் 2.5, 5.1, 7.7, 10.3, 12.9 என்று விநோதமாகத் தோன்றும் அளவுகளை எடுக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் திம்பிள் வேறு இடத்தில் நிற்கும். இதற்கான காரணத்தை லேபில் யாராவது மகளுக்கு விளக்கினால், அங்கே கற்றுக்கொள்ள ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

வெப்பநிலையும் அப்படித்தான். நீள அளவுகளெல்லாம் 20 டிகிரி செல்சியசுக்குச் சொல்லப்படுபவை. 100 மி.மீ. இரும்புக் கட்டை 30 டிகிரியில் சுமார் 0.0115 மி.மீ. நீண்டுவிடும்; அலுமினியம் அதைப்போல் இரண்டு மடங்கு. வெயிலில் வந்த கருவியை இறக்கியவுடன் அளந்தால் ரீடிங் பொய். ஏசி அறையில் ஸ்டாண்டர்டுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வந்த பிறகே தொட வேண்டும்.

அலகுக் குழப்பம்தான் புதிதாகச் சேர்பவர்களை அதிகம் கவிழ்ப்பது. ஷாப் ஃப்ளோரில் "பத்து கிலோ பிரஷர்" என்பார்கள். அது சதுர செ.மீ.க்கு 10 கிலோ விசை, அதாவது 9.807 பார். அதை 10 பார் என்று எழுதினால் ஏறக்குறைய 2 சதவீதம் பிசகு. கேஜுக்கு அனுமதித்த பிழையே 1 சதவீதமாக இருக்கலாம். எடைகளை வைத்துத் தெரிந்த அழுத்தத்தை உண்டாக்கும் டெட் வெயிட் டெஸ்டரில் இன்னொரு பொறி உண்டு. அதன் எடைகள் ஈர்ப்பு முடுக்கம் 9.80665 என்ற கணக்கில் செய்யப்பட்டிருந்தால், சென்னையில் அது ஏறக்குறைய 9.783 தான். திருத்தம் போடாவிட்டால் அழுத்தம் 0.24 சதவீதம் குறையும்.

இனி விசாரிக்க வேண்டியவை. லேபுக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் உண்டா என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். அங்கீகாரம் எதெதற்கு என்ற ஸ்கோப்பை என்ஏபிஎல் தளத்தில் பாருங்கள். எடை, வெப்பம் மட்டும் இருந்தால் மைக்ரோமீட்டர் வேலை அங்கே பழக முடியாது. வெளியூர்த் தொழிற்சாலைகளுக்குப் போய் அளக்கும் சைட் வேலை எத்தனை நாள், வண்டி யார் தருகிறார்கள், திரும்ப இரவாகுமா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். ரீடிங் எடுக்காமல் பழைய சர்டிபிகேட்டில் தேதியை மட்டும் மாற்றச் சொல்லும் இடம் என்று தெரிந்தால், சம்பளம் எவ்வளவானாலும் வேண்டாம், சர்டிபிகேட்டில் இருக்கப்போவது மகளின் கையெழுத்து.

சேருமுன் காசு கட்டி கோர்ஸ் எதுவும் தேவையில்லை. 0.01 மி.மீ. காட்டும் டிஜிட்டல் வெர்னியரின் ரெசல்யூஷனால் (அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு) மட்டும் வரும் அன்சர்ட்டன்டியைக் கைப்பட ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: பாதி 0.005, அதை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.0029, 95 சதவீத நம்பிக்கைக்கு இரண்டால் பெருக்கினால் 0.0058. ஆய்வகத் தகுதிக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 17025 பயிற்சியை வேலையில் ஓரளவு பழகிய பிறகு எடுத்தால்தான் மனதில் நிற்கும். அதன் பிறகு சர்டிபிகேட்டில் கையெழுத்திடும் அங்கீகாரம், டெக்னிக்கல் மேனேஜர் என்று படிகள் இருக்கின்றன.