மாவிலை கருகுவதும் கிளை காய்வதும் ஒரே நோயா?

கேள்வி: ஊத்தங்கரைக்கு அருகில் எங்களுக்கு 80 பெங்களூரா மாமரங்கள் உள்ளன, வயது 14. இரண்டு ஆண்டுகளாக முற்றிய இலைகளின் நுனியும் ஓரமும் செங்கல் நிறத்தில் கருகி உதிர்கின்றன. ஏழெட்டு மரங்களில் கிளைகளும் நுனியிலிருந்து காய்ந்து வருகின்றன. உரக்கடையில் கொடுத்த பூசணக்கொல்லியை மூன்று முறை தெளித்தும் பயனில்லை. போர்த் தண்ணீர் சற்று உப்புக் கரிக்கும். உரத்தில் குறை வைக்கவில்லை. மரத்துக்கு இரண்டரை கிலோ பொட்டாஷ் இடுகிறோம். மரங்களை வெட்டிவிடலாமா?

பதில்: வெட்ட வேண்டாம். தங்கள் தோட்டத்தில் இரண்டு கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. அவற்றை ஒரே நோயாக நினைத்து மருந்தடித்ததால்தான் பலன் கிடைக்கவில்லை.

இலை ஓரம் கருகுவது, தாங்கள் விவரித்திருக்கும் அடையாளங்களின்படி, பூசணத்தால் வருவதன்று. உப்பில் உள்ள குளோரைடு என்ற பொருள் மிகுவதால் வருவது. வேர் உறிஞ்சும் நீரோடு மேலேறும் குளோரைடு இலையின் நுனியிலும் விளிம்பிலும் போய்த் தங்கி, மரத்துக்குச் சாம்பல் சத்து (பொட்டாசியம்) சேராதபடி தடுத்துவிடுகிறது. துளிர் பச்சையாக இருக்க, நெடுநாள் நீர் குடித்த முதிர்ந்த இலைகள் முதலில் கருகுவதற்குக் காரணம் இதுவே. உப்புத் தண்ணீர் ஒரு பக்கம் என்றால், தாங்கள் குறை வைக்காமல் இட்ட பொட்டாஷ் இன்னொரு பக்கம். கடைகளில் பொட்டாஷ் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் மியூரேட் ஆஃப் பொட்டாஷில் ஏறக்குறைய பாதி எடை குளோரைடுதான். ஆகவே இரண்டரை கிலோ இடும்போது மரத்தடியில் ஒரு கிலோவுக்கு மேல் குளோரைடும் சேர்ந்தே விழுகிறது. உரத்தை அக்கறையோடு இட்டவரின் தோட்டமே இப்படிக் கருகுவதைக் காண்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

எனவே அந்த உரத்தை அடியோடு நிறுத்திவிட்டு, மரத்துக்கு 3 கிலோ சல்பேட் ஆஃப் பொட்டாஷ் இடுங்கள். இரண்டரை கிலோ மியூரேட்டில் உள்ள அதே ஒன்றரை கிலோ சாம்பல் சத்து அதில் குளோரைடு இல்லாமல் கிடைக்கும். விலை கூடுதல்தான், ஆனாலும் இந்தச் செலவைத் தவிர்க்க வழியில்லை. 50 கிலோ மக்கிய தொழுவுரத்தையும் சேர்த்து, தண்டிலிருந்து தள்ளி, கிளை விரிவின் நிழல் விழும் வட்டத்தில் இட வேண்டும். தண்ணீரைத் தினமும் சிறிது சிறிதாக விடுவதைக் காட்டிலும், இடைவெளி விட்டு ஆழமாக நனையும்படி பாய்ச்சுவது நல்லது. மேலோட்டமாக நனைத்தால் நீர் ஆவியாகி உப்பு மட்டும் வேர்ப்பகுதியிலேயே தங்கும். அகலமான வட்டப்பாத்தி எடுத்து, ஆடி முதல் கார்த்திகை வரை பெய்யும் மழைநீர் மரத்தடியில் நின்று இறங்கும்படி செய்தால், அந்த நீரே உப்பைக் கீழே கழுவிச் செல்லும். பாத்தியில் காய்ந்த சருகை மூடாக்காகப் பரப்புங்கள். ஆனால் கருகி உதிர்ந்த மாவிலைகளை அதற்குப் பயன்படுத்தாதீர்கள்; அவற்றிலும் குளோரைடு இருப்பதால், கூட்டி அப்புறப்படுத்திவிட வேண்டும்.

கிளை நுனியிலிருந்து காய்வதுதான் பூசண நோய், பின்கருகல் என்பார்கள். வறட்சியாலும் உப்பாலும் தளர்ந்த மரத்தில் இது எளிதாகப் புகும். காய்ந்த குச்சி ஒன்றை ஒடித்து, பட்டையோடு நீளவாக்கில் கத்தியால் பிளந்து பாருங்கள். உள்ளே வெளிறிய மரத்தின் நடுவே பழுப்புக் கோடுகள் கீழ்நோக்கி ஓடும். வெளியே பச்சையாகத் தெரியும் இடத்தையும் தாண்டி அவை இறங்கியிருக்கும். காய்ந்த பகுதியை மட்டும் வெட்டினால் நோய் மீண்டும் இறங்குவது இதனால்தான். அறுவடை முடிந்தபின், மழையில்லாத நாளில், கோடு முடியும் இடத்துக்கு மூன்று நான்கு அங்குலம் கீழே, நல்ல மரத்தில் வெட்டுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் கத்தியையும் ரம்பத்தையும் கிருமிநீக்கித் துடைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய கிளைகளை விறகுக்கென்று வேலியோரம் அடுக்கி வைக்காமல் அன்றே எரித்துவிட வேண்டும். பூசணம் காய்ந்த குச்சியிலும் உயிரோடிருக்கும்.

வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள். 1 கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 5 லிட்டர் நீரிலும், 1 கிலோ நீற்றிய சுண்ணாம்பை இன்னொரு 5 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் ஒன்றாகக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் சிறிது நேரம் முக்கி எடுங்கள். அலகில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள்; மேலும் சேர்க்க வேண்டும். பசையை அன்றன்றே தயாரித்துப் பயன்படுத்துங்கள். பிறகு லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூசணக்கொல்லியைக் கலந்து, 15 நாள் இடைவெளியில் இருமுறை கிளைகள் நனையத் தெளித்தால் போதும். பூக்கும் பருவத்தில் தெளிக்காதீர்கள். பழுப்புக் கோடு அடித்தண்டு வரை இறங்கிப் பிசின் வழியும் மரம் ஏதேனும் இருந்தால், அந்த ஒரு மரத்தை மட்டும் அகற்றலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, போரை அரை மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் நீரும், வேர்ப்பகுதி மண்ணும் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். காவேரிப்பட்டினத்தை அடுத்த பையூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில் அதற்கு வழி கேட்கலாம். கருகிய இலை மீண்டும் பச்சையாகாது. ஆகவே அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். மழைக்குப் பின் வரும் துளிர் முற்றிய பிறகு அதன் ஓரம் எப்படி இருக்கிறது என்று கவனித்து, பரிசோதனை முடிவையும் சேர்த்து மறுபடி எழுதுங்கள்.