பழைய லீவர் ஆக்‌ஷன் ரைபிளுக்கு இரண்டரை லட்சம் கொடுக்கலாமா?

நீங்கள் கேட்டது இதுதான்: கடலூர் பக்கம் ஒரு பெரியவர் வின்செஸ்டர் 94 வைத்திருக்கிறார், விசைக்கு அடியில் இருக்கும் லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் அமெரிக்க ரைபிள், 30-30 என்ற அளவுத் தோட்டா போடுவது, "புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு", இரண்டரை லட்சம் சொல்கிறார், நியாயமா? அந்தப் பளபளவைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இல்லையென்றால் துப்பாக்கிப் பேச்சில் நான் தலையிடுவதில்லை.

உங்களிடம் லைசென்ஸ் இருக்கிறது, ஏற்கெனவே இரண்டு துப்பாக்கி கையில் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவருக்கு இரண்டுதான்.

எங்கள் வீட்டிலும் இதே 94 இருந்தது. பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்பு. 1950-களில் சொந்த ஊருக்கு மூட்டை கட்டிய ஒரு வெள்ளைக்கார எஸ்டேட் மேனேஜரிடம் தாத்தா வாங்கியது. தோப்பில் காட்டுப்பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார், அவ்வளவுதான். வனச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருபவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன். தாத்தாவுக்குப் பிறகு முறைப்படி சித்தப்பா பேருக்கு வந்தது.

2011 டிசம்பர் 30, தானே புயல். ஒரே காலையில் தோப்பு முழுக்கப் படுத்துவிட்டது. முந்திரி போனதுகூடப் பரவாயில்லை. தாத்தாவின் அப்பா வைத்த பலா மரங்கள் பதினொன்று வேரோடு கிடந்தன. மூன்றாம் நாளே ஒரு மர வியாபாரி லாரியோடு வந்து நின்றான். வைரம் பாய்ந்த பலாவுக்கு விறகு விலை பேசினான். எங்களுக்குப் பாதையை அடைத்துக் கிடந்ததை எடுத்தால் போதும் என்றிருந்தது, கொடுத்துவிட்டோம். அந்த மரத்தில் எத்தனை வீட்டுக்கு நிலையும் கதவும் ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. சரி, அதை விடுங்கள்.

தோப்பு போன பிறகு துப்பாக்கி எதற்கு என்று விற்க முடிவு செய்தோம். 2014 தொடக்கத்தில் புதுச்சேரியிலிருந்து ஒருவர் வந்தார். பழைய துப்பாக்கி சேர்ப்பவர், லைசென்ஸ் உள்ளவர். அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஒரு லட்சத்து எண்பது என்றார். சித்தப்பா இரண்டுக்குக் குறையாது என்று பிடிவாதமாக நின்றார். அதற்குள் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. லைசென்ஸ் உள்ளவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். மார்ச்சில் கொடுத்தது ஜூனில் திரும்பியது. கடல்காற்று வீசும் ஊரில் எண்ணெய்த் துணிகூடச் சுற்றாமல் வைத்திருந்தார்கள். மேலே முழுக்கச் செந்தூரம் பூசியது போலத் துரு.

சித்தப்பா என்ன செய்தார் தெரியுமா? உப்புத்தாள் வாங்கி வந்து, திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு நாள் தேய்த்தார். பாரிஸில் இருக்கும் அத்தை பையன் லீவுக்கு வந்தபோது இரும்புக்குக் கறுநீலம் ஏற்றும் மருந்து ஒரு குப்பி கொண்டு வந்திருந்தான். அதையும் பூசினார். உண்மையைச் சொன்னால் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நானே போட்டோ எடுத்தேன்.

புதுச்சேரிக்காரர் மறுபடி வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குழல் மேல் இருக்கும் எழுத்தில் கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டினார். கம்பெனி பெயர், செய்த ஊரான நியூ ஹேவன், காப்புரிமைத் தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும். நகம் எங்கேயும் தடுக்கவில்லை.

"யார் சார் இதைத் தேய்ச்சது?"

"நான்தான்" என்றார் சித்தப்பா, பெருமையாக.

அவர் ஒன்றும் பேசாமல் துப்பாக்கியை விரித்திருந்த தினத்தாள் மேல் வைத்தார். எண்பதாயிரம் என்றார். அதற்குத்தான் கொடுத்தோம்.

அவர் ஏமாற்றிவிட்டார் என்று வருஷக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது. இந்த 94-ஐ வடிவமைத்தவர் ஜான் பிரவுனிங். எழுபது லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளியிருக்கிறார்கள், அதனால் அமெரிக்காவில் இது அபூர்வப் பொருள் இல்லை. அங்கேயே 1964-க்கு முந்தியதற்கு ஒரு விலை, பிந்தியதற்கு ஒரு விலை, ஏனென்றால் அந்த வருஷம் செலவைக் குறைக்க உள் பாகங்களின் செய்முறையை மாற்றினார்கள். வரிசை எண்ணை வைத்து எந்தக் காலத்தில் செய்தது என்று பார்த்துவிடலாம். முந்தியதாகவே இருந்தாலும், சேர்ப்பவன் காசு கொடுப்பது அந்தக் காலத்துப் பூச்சுக்கும் கூர்மையான எழுத்துக்கும்தான். தேய்ந்து வெளுத்த பூச்சுக்குக் கிடைக்கும் மரியாதை புதிதாகப் பூசியதற்குக் கிடைக்காது. எழுத்து மழுங்கியிருக்கிறதா, திருகாணித் தலைகள் சிதைந்திருக்கிறதா, தொலைநோக்கி மாட்ட யாராவது துளை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் விலையில் கை வைக்கலாம்.

அப்புறம் குழல். லீவரைத் திறந்து, தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, திறந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து டார்ச் அடித்து, முன்பக்கத்திலிருந்து பாருங்கள். குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய புரிகள் கூராகப் பளிச்சென்று தெரிய வேண்டும். கரும்புள்ளி விழுந்திருந்தால் பழைய தோட்டாவின் உப்பு தின்றிருக்கிறது என்று அர்த்தம். இந்த மாடலில் துடைக்கும் கம்பியைப் பின்னாலிருந்து விட முடியாது, முன்வாய் வழியாகத்தான் விட வேண்டும். அதனால் வருஷக்கணக்கில் துடைத்துத் துடைத்து முன்வாயின் விளிம்பு தேய்ந்துபோகும். குறி தப்புவதற்கு அதுவே போதும். நன்றாகப் பராமரித்தேன் என்று விற்பவர் சொன்னால் அந்த விளிம்பை இன்னும் கவனமாகப் பாருங்கள்! லீவரை மூடினால் லொடலொடவென்று ஆடக்கூடாது. சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்தினால் விசையை அழுத்தினாலும் விழக்கூடாது. குழலுக்கு அடியில் தோட்டா அடுக்கும் குழாயில் நசுங்கல் இருக்கக்கூடாது.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஒன்று கேளுங்கள்: தோட்டா எங்கே வாங்குவது? நம் அரசு ஆயுதத் தொழிற்சாலையான ஆர்டினன்ஸ் பாக்டரி 315, 30-06 என்ற அளவுகளில் தோட்டா செய்கிறது. 30-30 இங்கே செய்து நான் பார்த்ததில்லை. தாத்தா விட்டுப்போன ஒன்பது தோட்டாவைத்தான் நாங்கள் கடைசி வரை எண்ணிக்கொண்டிருந்தோம். அதோடு, குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவதால் கூர்முனைத் தோட்டா போடவே கூடாது. முனை முன்தோட்டாவின் பின்புறத்தில் இடித்து வெடித்துவிடக்கூடும். தோப்புக் காவலுக்கு வேண்டுமென்றால் 315 ரைபிள் வாங்குங்கள். சுவரில் மாட்டி ரசிக்க என்றால் மட்டும் இது.

எண் சொல்லுங்கள் என்பீர்கள். என் கணக்கு பத்து வருஷத்துக்கு முந்தியது, அதை வைத்து என்னைப் பிடிக்காதீர்கள். வெளிநாட்டுத் துப்பாக்கியைச் சாதாரண ஆள் இறக்குமதி செய்ய வழி இல்லாததால் இங்கே விலை ஏறிக்கொண்டேதான் போகும். ஆனாலும் பளபளப்பு பிற்காலத்துப் பூச்சு என்று தெரிந்தால் கேட்டதில் பாதிக்கு மேல் நான் போகமாட்டேன். எழுத்து நகத்தில் தட்டுப்பட்டு, குழலும் சுத்தமாக இருந்தால் இரண்டு லட்சத்துக்குப் பேசிப் பார்க்கலாம். முன்பணம் கொடுக்கும் முன் பெரியவர் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுக்க வேண்டும். 45 நாள் கழித்துத்தான் கைமாற்ற முடியும்.

அந்தப் பெரியவரிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள், வீட்டில் உப்புத்தாள் இருக்கிறதா என்று.