விமானியின் கண் இருக்கும் இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கோத்தகிரியில் வசிக்கிறேன். கோவையில் பொறியியல் படித்துவிட்டு இப்போது வீட்டிலிருந்தபடியே மென்பொருள் வேலை பார்க்கிறேன். ஓய்வு நேரத்தில், ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டருக்காக (கணினியில் விமானம் ஓட்டும் மென்பொருள்) மிக்-21 போர் விமானத்தின் விமானி அறையை, முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டர் மென்பொருளில் உருவாக்கி வருகிறேன். இணையத்தில் கிடைத்த படங்களையெல்லாம் சேகரித்து, துருப்பிடித்த திருகு வரை செய்துவிட்டேன். அதைப் பார்த்த ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர் ஒருவர், “அழகாக இருக்கிறது, ஆனால் இது எந்த மிக்-21?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கே பிசகுகிறேன்? படையிலிருந்தே விடைபெற்றுவிட்ட ஒரு விமானத்துக்காக இவ்வளவு உழைப்பதில் பொருள் உண்டா?

வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பெரியவர் கேட்டதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை காணாமல் மேற்கொண்டு ஒரு திருகைக்கூட நீங்கள் வைக்க வேண்டாம் என்பேன். 1963-ல் சண்டிகரில் 28-ஆவது படைப்பிரிவோடு தொடங்கி, 2025 செப்டம்பர் 26 அன்று அதே சண்டிகரில் விடைபெறும் வரை, நமது விமானப்படையில் 870-க்கும் மேற்பட்ட மிக்-21 விமானங்கள் இருந்திருக்கின்றன. ஆனால் அவை ஒரே விமானமல்ல. எஃப்எல், எம், பிஸ், பின்னாளில் மேம்படுத்தப்பட்ட பைசன் என்று வந்த ஒவ்வொரு வகையிலும் விமானிக்கு முன்னால் இருந்தவை மாறிக்கொண்டே வந்தன. இணையப் படங்களைக் கலந்து செய்யும்போது, எந்தக் காலத்திலும் எந்த ஓடுதளத்திலும் நின்றிராத ஒரு விமானம் உருவாகிவிடுகிறது.

இந்த வேறுபாடுகள் சில்லறை விஷயங்கள் அல்ல. எஃப்எல் வகையில் முன்கண்ணாடியும் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியும் ஒரே துண்டாக, முன்பக்கக் கீலில் மேல்நோக்கித் திறக்கும். விமானி ஆபத்தில் இருக்கையோடு வெளியே பாயும்போது அந்த மூடியும் இருக்கையோடு சேர்ந்து சென்று, அசுரவேகக் காற்று முகத்தில் அறையாமல் அவரைக் காக்கும். தாழ்வான உயரத்தில் அந்த ஏற்பாடு உதவாது என்பது அதன் பெருங்குறை. பின்னால் வந்த வகைகளில் முன்கண்ணாடி நிலையாகப் பொருத்தப்பட்டு, மூடி மட்டும் பக்கவாட்டில் திறந்தது, இருக்கையும் மாறியது. உங்கள் மாதிரியில் கண்ணாடிச் சட்டம் ஒரு வகையையும் இருக்கை இன்னொரு வகையையும் சேர்ந்ததாக இருந்தால், பறந்தவர் கண்ணுக்கு அது உடனே தட்டுப்படும். எஃப்எல் வகையில் உட்பொதிந்த பீரங்கி கிடையாது என்பதையும், வயிற்றுப் பகுதியில் தொங்கவிடும் பீரங்கிக் கூடு பின்னர்தான் சேர்ந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். எந்த ஆண்டு என்று முடிவு செய்யாமல் ஆயுதங்களுக்கான விசைகளை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய முடியாது.

இரண்டாவது பிசகு, நீங்கள் அறையை வெளியிலிருந்து பார்ப்பது. படம் எடுத்தவர் ஏணியில் நின்று, அகலக் கோணத்தில், கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கி எடுத்திருப்பார். அந்தப் படங்களில் நேர்க்கோடுகள் வளைந்திருக்கும்; அருகிலிருப்பவை வீங்கித் தெரியும். விமானியோ பட்டைகளால் இறுக்கப்பட்டு, தலைக்கவசம் அணிந்து, ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கண் இருந்த அந்தப் புள்ளியை முதலில் நிர்ணயித்துவிட்டு, மற்ற அனைத்தையும் அங்கிருந்து பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். பழைய சாமான் கடையில் உண்மையான ஒரு டயல் கிடைத்தால் வாங்கிவிடுங்கள்; அதன் விட்டம் தெரிந்துவிட்டால், அதே டயல் உள்ள எல்லாப் படங்களுக்கும் அதுவே அளவுகோல். பிறகு சுவரில் ஒரு அட்டையை ஒட்டி, கருவிப் பலகையை உண்மை அளவில் வரைந்து, தாழ்ந்த நாற்காலியில் அமர்ந்து கையை நீட்டிப் பாருங்கள்.

மிக்-21 கருவிப் பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு தீட்டப்பட்டிருக்கும். பலரும் அதை அலங்காரம்போல எங்கேயாவது இழுத்துவிடுகிறார்கள். விமானம் கட்டுப்பாட்டை இழந்து சுழன்று விழும்போது, எது மேல் எது கீழ் என்று தெரியாத நிலையில், விமானி கட்டுப்பாட்டுத் தண்டை அந்தக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்தால் அது பக்கவாட்டில் நடுநிலைக்கு வந்துவிட்டதென்று பொருள். அந்தக் கோடு ஒரு உயிரைக் காப்பதற்காக அங்கே இருக்கிறது. சிமுலேட்டரின் பார்வைப் புள்ளி சற்று விலகியிருந்தாலும், தண்டும் கோடும் ஒன்றுக்கொன்று நேராகத் தெரியாது. பிறகு கோடு வெறும் கோடுதான்.

விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் செயற்கைத் தொடுவானக் கருவியிலும் இதே கவனம் வேண்டும். மேற்கத்தியக் கருவியில் விமானம் சாயும்போது பின்னணியிலுள்ள தொடுவானக் கோடு சாயும். சிறிய விமானச் சின்னம் அசையாது. மிக்-21 பிறந்த சோவியத் மரபில் அந்தச் சின்னமே சாயும். ஃப்ளைட்கியரில் தயாராகக் கிடைக்கும் வேறொரு கருவியின் அசைவை எடுத்து இதில் பொருத்தினால், தோற்றம் மிக்காகவும் நடத்தை வேறாகவும் இருக்கும். இன்னொன்று: ஃப்ளைட்கியர் உயரத்தை அடிக் கணக்கிலும் வேகத்தை ‘நாட்’ (மணிக்கு ஒரு கடல்மைல்) கணக்கிலும் தருகிறது. உங்கள் டயல்கள் மீட்டரிலும் கிலோமீட்டரிலும் காட்ட வேண்டியவை. 0.3048, 1.852 என்று பெருக்கினால் மட்டும் போதாது. வேக டயலின் கோடுகள் சீரான இடைவெளியில் இராதபடியால், ஒவ்வொரு முக்கிய எண்ணுக்கும் முள் எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்று படத்திலிருந்து அளந்து, இடைப்பட்ட எண்களை மென்பொருளே கணித்துக்கொள்ளும் இடைக்கணிப்பு அட்டவணையாகக் கொடுக்க வேண்டும். முள்ளைத் தனிப் பொருளாகச் செய்து, அதன் மையப் புள்ளியை அச்சில் வைத்து, டயலின் பரப்பிலிருந்து சிறிது உயர்த்துங்கள். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது முள் சற்று விலகித் தெரிவது உண்மையான கருவியின் இயல்பு.

துருவைப் பற்றி நீங்கள் பெருமையாக எழுதியிருந்தீர்கள். அது அருங்காட்சியகத்தின் துரு. 1971 போரில் பறந்த எஃப்எல் விமானங்கள் சில ஆண்டுகளே பழையவை. அவற்றில் தேய்மானம் இருக்குமானால், கையும் காலும் படும் இடங்களில் மட்டும் இருந்திருக்கும்.

பொருள் உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். 1971 டிசம்பர் 14 அன்று டாக்காவின் ஆளுநர் மாளிகையைத் தாக்க மிக்-21 விமானங்களில் புறப்பட்ட விங் கமாண்டர் பிஷ்ணோயின் அணி, இலக்கைக் கண்டுபிடிக்க நம்பியது ஒரு சுற்றுலா வரைபடத்தை. அந்த நெருக்கடியான அறையில் ஒரு காகிதத்தை விரித்துப் பார்த்துக்கொண்டு, ஒரு கையில் தண்டும் மறுகையில் எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலுமாக இதைச் செய்தார்கள் என்று வாசிப்பது வேறு. அந்த இடத்தின் அளவைச் சிமுலேட்டரில் உட்கார்ந்து உணர்வது வேறு. கையேடுகளில் எண்கள் எஞ்சும். எந்தக் கை எப்போது எங்கே போனது என்பது மனிதர்களிடம்தான் இருக்கிறது, அன்று பறந்தவர்கள் இன்று எண்பதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள்.

இந்த விஷயத்தில் நீலகிரியில் இருப்பது உங்கள் நல்வாய்ப்பு. வெலிங்டன் இராணுவக் கல்லூரிக்கு வந்துபோன அதிகாரிகளில் பலர் குன்னூரிலும் கோத்தகிரியிலும் குடியேறியிருக்கிறார்கள். தரைப் பணியாளர்களாக இருந்து கருவிகளைக் கழற்றி மாட்டியவர்களும் நம் ஊர்களில் உண்டு. விமானிகளைவிட அவர்களுக்கு நன்கு தெரிந்த விஷயங்கள் பல, உதாரணமாக மின்சாரம் நின்றபின் எந்த முள் எங்கே ஓய்ந்து நிற்கும் என்பது. அவர்களிடம் “இது சரியா?” என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகச் சரி என்றுவிடுவார்கள். திரைமுன் அமர்த்தி, “எஞ்சினைக் கிளப்புங்கள், ஐயா” என்று சொல்லிவிட்டு, அவர்கள் கை எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். கை போன இடத்தில் விசை இல்லையென்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பணியில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம். ராணுவ வளாகங்களுக்குள் அனுமதியின்றிக் கேமராவை எடுக்கவும் வேண்டாம். ஓய்வுபெற்ற வகைகளைப் பற்றி வெளிப்படையாகக் கிடைப்பதே இந்த வேலைக்குத் தாராளம்.

என் யோசனை, எஃப்எல் வகையையே எடுத்துக்கொண்டு, 1971 டிசம்பர் என்று காலத்தையும் நிறுத்திவிடுங்கள். அந்த வகை 2013-ல் கலைக்குண்டாவில் விடைபெற்றது என்பதால், அதில் பறந்த இளைய தலைமுறையும் உங்களுக்குக் கிடைக்கும். கண் புள்ளியை முதலில் வையுங்கள், அடுத்து வெள்ளைக் கோட்டை. அங்கிருந்து இரு பக்கமும் அளந்துகொண்டு போங்கள். வண்ணமும் கீறலும் கடைசியில். கருவிப் பலகை ஓரளவு உருப்பெற்றதும் கோப்பை எனக்கு அனுப்புங்கள். குன்னூரில் அதைப் பார்த்துச் சொல்லக்கூடியவர்களிடம் உங்களை அழைத்துச் செல்கிறேன்.

அன்புடன்