செம்மறிக்கு ஒரு சிலை

அன்புள்ள ஐயா,

மகனைப் பார்க்க சிட்னி போயிருந்தேன். கன்பரா போகும் வழியில் கோல்பர்ன் என்ற ஊரில் காரை நிறுத்தி, மாடிவீடு உயரத்தில் நின்ற ஒரு செம்மறிக் கடாவைக் காட்டினான். கொங்கிறீற்றால் கட்டியது. உள்ளே ஒரு கடையும் கம்பளி பற்றிய கண்காட்சியும். தன் ஆட்டு வளர்ப்பு வரலாற்றை அந்த ஊர் எவ்வளவு மதிக்கிறது! என் அப்பப்பாவும் யாழ்ப்பாணத்தில் செம்மறிப் பட்டி வைத்திருந்தவர். கொழும்பிலும் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஆட்டுப்பட்டித் தெரு என்று ஒரு தெரு இருக்கிறதே. மாநகரசபை அங்கே இப்படி ஒரு சிலை வைத்தால் என்ன? அரசியல்வாதிகளின் சிலைகளைவிட அது மேலில்லையா?

க., வெள்ளவத்தை

அன்புள்ள க.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மேல்தான். காலிமுகத்திடலில் பழைய நாடாளுமன்றத்தைச் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் தலைவர்கள். நம் இராமநாதனும் அருணாசலமும் அவர்களோடு நிற்கிறார்கள். நிற்கட்டும். ஆனால் உழைத்த மனிதரையோ மிருகத்தையோ இந்த நகரத்தில் சிலையாகப் பார்க்க வேண்டுமென்றால் தேடித்தான் போக வேண்டும்.

ஆனால் கோல்பர்ன் கடாவை நினைவுச்சின்னமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1985இல் கட்டியது அது. உயரம் 15.2 மீற்றர், எடை 97 தொன். அந்தப் பகுதிப் பண்ணையொன்றில் நின்ற ரம்போ என்ற பொலிகடாதான் மாதிரி. பின்பக்கத்தையும் ஒளிவுமறைவில்லாமல் செய்திருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். 1992இல் நெடுஞ்சாலை ஊருக்கு வெளியால் போனது. கார்கள் உள்ளே வருவது குறைந்தது, கடையில் வியாபாரம் படுத்தது. 2007இல் என்ன செய்தார்கள்? கடாவை அப்படியே தூக்கி ஏறக்குறைய 800 மீற்றர் தள்ளி, நெடுஞ்சாலைக்குக் கிட்டக் கொண்டுபோய் வைத்தார்கள். வாடிக்கையாளர் போன பக்கம் பெயர்ப்பலகையும் போனது, அவ்வளவுதான். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நேர்மையான விளம்பரம். ஆனால் மயிர் கத்தரித்துக் கத்தரித்து இடுப்பொடிந்தவர்களையோ, அந்த மேய்ச்சல் தரை அங்குள்ள ஆதிக்குடிகளான குண்டுங்குர்ரா மக்களிடமிருந்து எப்படிக் கைமாறியது என்பதையோ அத்தனை பெரிய உடம்பில் காண முடியாது.

இதோடு நியூசிலாந்தின் டெக்காப்போ ஏரிக்கரையைச் சேர்த்துப் பாருங்கள். அங்கே 1968இல் வைத்த ஒரு வெண்கல நாய் நிற்கிறது. ஆட்டு நாய். மெக்கன்சி பிரதேசத்து மலைகளில் ஆடு மேய்த்தவர்கள், இந்த நாய்கள் இல்லாவிட்டால் இங்கே மேய்ச்சலே நடந்திராது என்று நன்றி சொல்லி வைத்தது. பெரிய சிலை இல்லை. ஆனால் அதைப் பார்த்தால் அந்த ஊரில் வேலை எப்படி நடந்தது என்று பிடிபடும். மலை பெரிது, ஆள் குறைவு, ஓடித் திரிந்து ஆட்டைச் சேர்த்தது நாய். எனக்கு இந்த மாதிரிதான் வேண்டும்.

சரி, உங்கள் அப்பப்பாவின் பட்டிக்கு வருவோம். யாழ்ப்பாணத்துச் செம்மறி கம்பளி தரும் ஆடு அல்ல. உடம்போடு ஒட்டிய குட்டை மயிர், சிறிய உருவம். இறைச்சிக்கும் எருவுக்குமாக வளர்த்தது. இரவில் தோட்டத்துத் தரையில் பட்டி அடைப்பார்கள். பிழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கியதும் பட்டியைப் பெயர்த்து அடுத்த துண்டுக்கு நகர்த்துவார்கள். வெங்காயமும் புகையிலையும் விளைந்த மண்ணுக்கு இந்த எருவும் போயிருக்கிறது. ஆகவே நம் செம்மறிக்குச் சிலை வைப்பதென்றால், செய்ய வேண்டியது ஆட்டை அல்ல, பட்டியை: படலை, அடைத்த ஆடுகள், நாளைக்கு நகர்த்தப்போகிற வெறுந்தரை. அப்புறம் ஒரு சின்ன விஷயம். வெள்ளாட்டின் வால் நிமிர்ந்து நிற்கும், செம்மறியின் வால் தொங்கும். ஆட்டைக் கிட்ட நின்று பார்க்காத சிற்பி அதில்தான் பிடிபடுவார். புத்தகத்தில் பார்த்த சுருள்மயிர் மெரினோக் கம்பளி ஆட்டைக் கொண்டுவந்து இறக்கிவிட்டால் உங்கள் அப்பப்பாவுக்கே அடையாளம் தெரியாது.

அந்தப் பட்டியின் இடம் யாழ்ப்பாணம். பெயர் பொருந்துகிறது என்று கொட்டாஞ்சேனையில் அதை வைக்கப்போனால், நாளைக்குக் கொழும்பின் வாழைத்தோட்டப் பகுதிக்காரர் வாழைக்குலைச் சிலை கேட்பார்கள். கறுவாத்தோட்டம் கேட்டாலாவது நியாயம் இருக்கிறது, ஒல்லாந்தர் காலத்தில் உண்மையாகவே கறுவா வளர்ந்த நிலம் அது.

கொழும்பு மேய்த்த ஊர் அல்ல, சுமந்த ஊர். துறைமுகத்துச் சரக்கைப் புறக்கோட்டைக் கடைத்தெருக்களுக்குள் கொண்டுவந்து சேர்த்தவர்கள் நாட்டாமைகள் என்ற சுமைகூலிகள். இப்போதும் நான்காம் குறுக்குத் தெருவில் காலையில் நின்று பாருங்கள். வெங்காய மூட்டைகள் ஆளுயரம் ஏறிய கைவண்டியை முன்னால் ஒருவர் நுகத்தடிக்குள் நின்று இழுக்கிறார், பின்னால் ஒருவர் தோளால் முட்டுகிறார். லொறி வழிவிடாது. இழுப்பவர் குதிகாலை ஊன்றி வண்டியைப் பிடித்து நிறுத்தும்போது முழங்கால் மடிந்திருக்கும் விதம் ஒன்று இருக்கிறதே, அதை மட்டும் ஒரு சிற்பி சரியாகப் பிடித்தால் போதும். மலையகத்திலிருந்து வந்தவர்கள் பலர் இந்த வேலையில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புறக்கோட்டையில் ஓர் உருவம் வேண்டும் என்று கேட்டு எழுதினால் உங்களோடு நானும் கையெழுத்து வைக்கிறேன். பீடம் வேண்டாம், தரையிலேயே நிற்கட்டும். கொளுத்தும் வெயிலில் யாராவது அதன் நிழலில் ஒதுங்கினாலும் மாநகரசபை விரட்டக்கூடாது.

யாழ்ப்பாணத்துப் பட்டிச் சிலையை நான் கைவிடச் சொல்லவில்லை. அப்பப்பாவின் பட்டி எந்த ஊரில் இருந்தது, யாருடைய தோட்டங்களில் அடைத்தார், கூலி காசாகவா தானியமாகவா, படலை எதில் கட்டியது? தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டு எழுதுங்கள். சிலை செய்ய வருகிறவர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.