சிப்பிப் பண்ணைக்குப் படகுத்துறை

கேள்வி: நியூயார்க் மாநிலத்தின் பெக்கோனிக் விரிகுடாவில் சிப்பி வளர்க்கும் என் நண்பர் மரப் படகுத்துறை கட்ட விண்ணப்பித்திருக்கிறார். சிப்பி தண்ணீரைச் சுத்தப்படுத்துகிறதே, பிறகு எதற்கு இத்தனை ஆய்வு?

பதில்: உண்மைதான், வளர்ந்த சிப்பி ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 190 லிட்டர் தண்ணீர் வரை வடிகட்டக்கூடியது. ஆனால் இங்கே ஆய்வுக்கு வருவது சிப்பி அன்று, படகுத்துறை. 1972-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கடலோர மண்டல மேலாண்மைச் சட்டத்தின் வழியில் நியூயார்க் வகுத்துள்ள கொள்கை, கரையை விட்டால் வேறெங்கும் நடத்த இயலாத தொழில்களுக்கு முன்னுரிமை தருவதால் உங்கள் நண்பருக்குச் சாதகம் உண்டு. அதே கொள்கை உயிரினங்களின் வாழிடத்தையும் பொதுமக்கள் கரையை அணுகும் வழியையும் காக்கச் சொல்கிறது.

எனக்குப் பெரிய கவலை நிழல்தான். பலகைகளை நெருக்கி அடித்த துறையின் அடியில் வெளிச்சம் எட்டாமல் கடற்புல் மெலிந்து மடியும். சிப்பியைப் போல இரட்டை ஓடுள்ள ஸ்காலப் என்ற உயிரினத்தின் குஞ்சுகள் நண்டுகளுக்குத் தப்பி ஒட்டிக்கொள்வது அந்தப் புல்லின் இலைகளில்தான். 1985-இல் நுண்பாசி பெருகித் தண்ணீரைப் பழுப்பாக்கிய ‘பழுப்பு அலை’யில் அந்த விரிகுடாவின் ஸ்காலப் வளம் ஏற்கெனவே நிலைகுலைந்தது. ஆகவே வெளிச்சம் புகும் கம்பி வலைத் தளமும் உயரமான தூண்களும் வரைபடத்தில் இடம்பெறட்டும். கூடைகளை ஏற்றி இறக்கத் தேவையான நீளத்தை மட்டுமே கேட்கச் சொல்லுங்கள். உல்லாசப் படகுக்கும் சேர்த்துக் கேட்டால் தொழில் முன்னுரிமை என்ற வாதம் வலுவிழந்துவிடும்.