வாசகர் கேள்வி: குறிப்புரையில் எதை எழுதுவது?

கேள்வி: வேலூரில் முதுகலை வரலாறு படிக்கிறேன். வட ஆற்காட்டில் ஏரிப் பாசனம் குறைந்து கிணற்றுப் பாசனம் பெருகியதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத இருக்கிறேன். அதற்கு முன்னால், குறிப்புரையுடன் கூடிய துணைநூற்பட்டியல் ஒன்றைத் தயாரிக்கும்படி நெறியாளர் சொன்னார். ஒவ்வொரு நூலின் முன்னுரையையும் படித்துச் சுருக்கம் எழுதிக் கொடுத்தேன். “இது நூல் அறிமுகம், குறிப்புரை அல்ல” என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் எங்கே தவறினேன்?
– வாசகி, காட்பாடி

பதில்: நூல் எதைப் பற்றியது என்பதை எழுதியிருக்கிறீர்கள், அந்த நூலை எவ்வளவு தூரம் நம்பலாம், உங்கள் கேள்விக்கு அது எந்த இடம்வரை துணை வரும் என்பதை எழுதவில்லை. நெறியாளர் எதிர்பார்த்தது இந்த இரண்டாவது பகுதியைத்தான். சுருக்கத்துக்கு இரண்டு வாக்கியங்கள் போதும். மீதி இடம் முழுவதும், ஆசிரியர் எந்தச் சான்றுகளை வைத்துப் பேசுகிறார், அவை எந்த ஆண்டுகளையும் எந்த ஊர்களையும் சேர்ந்தவை என்பதற்கு உரியது.

நீங்கள் மாதிரிக்கு அனுப்பிய குறிப்பையே எடுத்துக்கொள்வோம். “காக்ஸ் எழுதிய வட ஆற்காடு மாவட்டக் கையேடு, மாவட்டத்தின் வரலாறு, பாசனம், மக்கள் ஆகியவற்றை விரிவாகக் கூறும் பயனுள்ள நூல்.” மாவட்டத்தின் பெயரை மாற்றிவிட்டால் இது எந்த மாவட்டக் கையேட்டுக்கும் பொருந்திவிடும். நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: “1881-இல் காக்ஸ் வெளியிட்டு, பின்னர் ஸ்டூவர்ட் திருத்தி 1894, 1895 ஆம் ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக வந்த பதிப்பைப் பார்த்தேன். ஆட்சித் தேவைக்காக அதிகாரிகள் தொகுத்தது. உழவர் தரப்பை இதில் தேட முடியாது. இதில் வரும் வட ஆற்காட்டில் சித்தூரும் சந்திரகிரியும் உண்டு, திருவண்ணாமலையும் திருப்பத்தூரும் இல்லை. ஆகவே மாவட்ட மொத்தக் கணக்கைப் பிற்காலக் கணக்கோடு ஒப்பிட மாட்டேன். குடியாத்தம், போளூர், வந்தவாசி போன்ற வட்டங்களின் விவரங்களை மட்டும், எல்லைகளைச் சரிபார்த்த பின் எடுத்துக்கொள்வேன்.”

உங்கள் தலைப்புக்கு இந்த எல்லைச் சிக்கல்தான் உயிர்நாடி என்று கருதுகிறேன். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமானது. அதே ஆண்டில் தென் ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலையும் சேலத்திலிருந்து திருப்பத்தூரும் வட ஆற்காட்டில் சேர்ந்தன. 1989-இல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. எஞ்சிய வேலூர் மாவட்டமும் 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாயிற்று. நூல்களில் பெயர் ஒன்றாக இருந்தாலும் அது குறிக்கும் நிலப்பரப்பு ஒன்றல்ல. எனவே ஒவ்வொரு குறிப்புரையிலும் “இந்நூலின் வட ஆற்காடு எது?” என்பதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள். அரசின் பருவம் மற்றும் பயிர் அறிக்கைகளுக்கும் இதே விதிதான்.

இன்னொன்று, பலரும் கவனிக்காமல் விடுவது. பசுமைப் புரட்சி பற்றி ஃபார்மர் பதிப்பித்த 1977-ஆம் ஆண்டுத் தொகுப்பையும், ஹேசலும் இராமசாமியும் 1991-இல் வெளியிட்ட நூலையும் தனித்தனிச் சான்றுகளாக வைத்திருக்கிறீர்கள். முதல் நூல் 1973-74-இல் வட ஆற்காட்டுக் கிராமங்களில் நடந்த கள ஆய்வில் எழுந்தது. இரண்டாவது நூல் அந்த ஆய்வின் தரவையும், 1982 முதல் 1984 வரை அங்கே மீண்டும் நடத்திய ஆய்வின் தரவையும் சேர்த்துப் பார்க்கிறது. ஆகவே 1973-74 பற்றி இரண்டு நூல்களும் ஒன்றையே சொன்னால், அதை இரண்டு சாட்சிகள் என்று கொள்ள முடியாது. ஒரே சாட்சி இரண்டு முறை பேசுகிறார் என்றே கொள்ள வேண்டும். மறு ஆய்வின் முதல் ஆண்டான 1982-83 வறட்சி ஆண்டு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கிணற்று நீர் பற்றி எழுதும் உங்களுக்கு அதைவிட முக்கியமான குறிப்பு வேறு இருக்க முடியாது. இவ்வாறு ஒரு நூலை இன்னொரு நூலோடு இணைத்துச் சொல்லும்போதுதான் பட்டியல் ஆய்வாக மாறத் தொடங்குகிறது.

நூல் விவரங்களை எந்த முறையில் எழுதுவது என்பதைத் துறை சொல்லும்; அதைப் பின்பற்றுங்கள். தமிழ்ப் பெயர்களில் மட்டும் ஓர் எச்சரிக்கை: நம் தலைப்பெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயருக்கு உரியது, குடும்பப் பெயருக்கு அன்று. ஆகவே “இராமசாமி, சி.” என்று எழுதி, இராமசாமி என்பதைக் கொண்டே அகரவரிசையில் சேர்த்து, கடைசிவரை அதையே கடைப்பிடியுங்கள்.

முன்னுரையை மட்டும் படித்துக் குறிப்பு எழுதும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். பாசனம் பற்றிய இயலையும் அட்டவணைகளையும் படித்து, நூல் கையில் இருக்கும்போதே பக்க எண்ணுடன் எழுதுங்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நாள் ரயிலேறிச் சென்று, அங்குள்ள நூலகத்தில் கையேட்டின் இரண்டு பதிப்புகளையும் கேட்டுப் பாருங்கள். ஏரிகளைப் பற்றி 1881-இல் காக்ஸ் எழுதியதில் எதை ஸ்டூவர்ட் மாற்றினார் என்பதை அருகருகே வைத்துப் பார்த்துவிட்டால், திருத்திய பட்டியலின் முதல் குறிப்புரை உங்களுக்குத் தானாகவே கிடைத்துவிடும்.