வடைக்கு ஏர் ஃப்ரையர் ஆகுமா?

கேள்வி: நாங்கள் அம்பாசமுத்திரத்தில் இருக்கிறோம். நான், என் கணவர், மாமியார், கல்லூரிக்குப் போகும் மகள் என வீட்டில் நான்கு பேர். கணவருக்கு ரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது. எண்ணெய்யைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், "ஏர் ஃப்ரையர் வாங்கி அனுப்புறேன், எண்ணெய்யே இல்லாம வடை சுடலாம்" என்கிறான். மாமியாரோ, "எண்ணெய் இல்லாம சுட்டா அதுக்குப் பேரு வடையா?" என்கிறார். அமாவாசை, விசேஷம் என்றால் எங்கள் வீட்டில் உளுந்து வடை இல்லாமல் இலை போட முடியாது. வாங்கச் சொல்லவா, வேண்டாம் என்று சொல்லவா? கரண்ட் பில் எகிறிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: உங்கள் மாமியார் சொன்னதுதான் சரி. வடைக்காக என்றால் வாங்க வேண்டாம். மகனிடம் அப்படியே சொல்லிவிடுங்கள்.

பையன் மேல் குற்றமில்லை. அதை அப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். 2010-ல் பிலிப்ஸ் நிறுவனம் இதைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதற்கப்புறம் ஏகப்பட்ட கம்பெனிகள் செய்ய ஆரம்பித்துவிட்டன. எந்தக் கம்பெனி என்றாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். மேலே சூடாகும் கம்பிச் சுருள் (காயில்), அந்தச் சூட்டைக் கீழே வேகமாகத் தள்ளிச் சுழற்ற ஒரு ஃபேன், அடியில் ஓட்டை போட்ட கூடை. அதாவது பேக்கரிக்காரர் வைத்திருக்கும் ஓவனை ரொம்பச் சின்னதாக்கி, காற்றோட்டத்தைக் கூட்டியிருக்கிறார்கள். சின்னப் பெட்டி என்பதால் சீக்கிரம் சூடேறுகிறது. காற்று வேகமாக அடிப்பதால் மேல்பக்கம் காய்ந்து மொறுமொறுக்கிறது.

இதில் வடை ஏன் வராது? சூடான ஓவனுக்குள் ஒரு நொடி கையை விட்டு எடுத்துவிடலாம்; அதே சூட்டில் இருக்கும் எண்ணெய்யில் விரல் நுனி பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 180 டிகிரி என்பது இரண்டிலும் 180 டிகிரிதான். ஆனால் எண்ணெய் சூட்டை மாவுக்குள் கடத்துகிற வேகத்துக்குக் காற்று பக்கத்தில்கூட வர முடியாது. எண்ணெய்யில் விழுந்த உளுந்து மாவு சில நொடியிலேயே மேல்தோல் கட்டிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகித் தள்ளுவதால் வடை உப்பி, உள்ளே மெத்தென்றும் வெளியே மொறுமொறு என்றும் ஆகிறது. ஏர் ஃப்ரையரில் அந்தத் தோல் கட்டுவதற்குள் மாவு கூடை ஓட்டை வழியாக வழிந்துவிடும். பட்டர் பேப்பர் விரித்து வைத்தால் வழியாது. ஆனால் கிடைப்பது உளுந்து பன். சாம்பாரில் ஊறப்போட்டால் தின்னலாம், அவ்வளவுதான்.

பஜ்ஜி, போண்டாவுக்கும் இதே கதிதான். முறுக்கு பொரிவதற்குப் பதிலாகக் காய்ந்து கட்டையாகிறது. வத்தல் பொரியாமல் நிறம் மட்டும் மாறும். அப்பளத்தை வைத்தால் ஃபேன் காற்றில் எழும்பிக் காயிலில் போய் ஒட்டிக்கொள்ளும்; அதற்குத் தணலில் சுட்ட அப்பளம் எவ்வளவோ மேல்.

சரி, அப்போது எதற்குத்தான் உதவும்? நீங்கள் சைவமா அசைவமா என்று எழுதவில்லை. என்னைக் கேட்டால் இந்தக் கேள்விக்கு அதுதான் முக்கியம்.

மீன் சாப்பிடுகிற வீடு என்றால் என் பதில் பாதி மாறிவிடும். உவரி, கூட்டப்புளி பக்கமிருந்து வரும் சாளையை மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, நசுக்கிய பூண்டு, கொஞ்சம் புளிக்கரைசல் சேர்த்துப் பிசறி அரைமணி நேரம் வைத்து, ஒரு டீஸ்பூன் எண்ணெய் தடவி 190 டிகிரியில் பன்னிரண்டு நிமிஷம் விட்டுப் பாருங்கள். பாதியில் ஒரு தடவை திருப்பிப் போட்டால் போதும். சாளையில் அதன் எண்ணெய்யே நிறைய இருப்பதால் தோல் தானாகவே முறுகும். தோசைக்கல்லில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வருகிற பிரச்சினையும் இல்லை, அடுப்பைச் சுற்றித் தெறிப்பதும் இல்லை. நெத்திலி, துண்டு மீன், கோழி எல்லாமே நன்றாக வரும். கருவாட்டை மட்டும் அதில் வைத்துவிடாதீர்கள். ஃபேன் வைத்து வாசனையைத் தெருவுக்கே அனுப்பியது போல் ஆகிவிடும்.

சைவம் என்றால் வேறு கணக்கு. பாதி வேகவைத்த சேனை, சேப்பங்கிழங்கு, மசாலா பிரட்டிய வாழைக்காய், வெண்டைக்காய், பாகற்காய் ஆகியவை ஒன்றிரண்டு டீஸ்பூன் எண்ணெய்யில் வருகின்றன. சீனிக்கிழங்கைத் தோலோடு அப்படியே போட்டால் நாற்பது நிமிஷத்தில் சுட்ட கிழங்கு தயார், நிலக்கடலையும் வறுக்கலாம். நேற்று வாங்கிய சமோசாவைச் சூடுபண்ண இதைவிட நல்ல சாமான் கிடையாது.

சொதி வைக்கிற அன்று உருளைக்கிழங்கு சிப்ஸ் இல்லாமல் நம் ஊரில் இலை நிறையாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. மெல்லிசாகச் சீவினால் ஒன்று கருகும், பக்கத்தில் இருப்பது வேகாது. அதனால் விரல் கனத்துக்கு நறுக்கி, அரைமணி நேரம் தண்ணீரில் போட்டு, துணியில் ஈரமில்லாமல் துடைத்து, இரண்டு டீஸ்பூன் எண்ணெய்யும் உப்பும் மிளகாய்த்தூளும் சேர்த்துப் பிரட்டி 180 டிகிரியில் இருபது நிமிஷம் வையுங்கள். நடுவில் இரண்டு தடவை கூடையைக் குலுக்க வேண்டும். சிப்ஸ் என்று சாதிக்க முடியாது. ஆனால் சொதிக்கும் இஞ்சிப் பச்சடிக்கும் பக்கத்தில் வெட்கப்படாமல் உட்காரும். பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். கிழங்கு மாதிரி மாவுச்சத்து உள்ள பொருளை அதிகச் சூட்டில் சிவக்கச் சிவக்க வறுத்தால் அக்ரிலமைடு என்ற வேண்டாத ரசாயனம் உண்டாகும். எண்ணெய்யில் பொரித்தாலும் சரி, இந்தப் பெட்டியில் வைத்தாலும் சரி, இதில் வித்தியாசமில்லை. முன்கூட்டியே தண்ணீரில் ஊறவைப்பதால் அது குறையும்.

இனி உங்கள் கணவரின் எண்ணெய்க் கணக்குக்கு வருவோம். கடிதத்தில் உண்மையான விஷயம் அதுதான், வடை இல்லை.

அதிகம் உடலுழைப்பு இல்லாத ஆணுக்கு நாளொன்றுக்கு 25 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் எண்ணெய், நெய் போதும் என்பது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லிவந்த அளவு. உங்கள் வீட்டு நான்கு பேருக்கும் சேர்த்து நாளைக்கு 85 கிராம். மாதத்துக்கு மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், நெய் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். போன மாதம் செக்கில் எத்தனை லிட்டர் வாங்கினீர்கள் என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

இப்போது ஒரு காலைப் பலகாரத்தை மட்டும் கணக்குப் போடுகிறேன். மூன்று தோசை, தோசைக்கு ஒரு டீஸ்பூன் வீதம் எண்ணெய்: சுமார் 14 கிராம். மிளகாய்ப் பொடியில் குழி பண்ணி ஊற்றும் நல்லெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன்: இன்னொரு 14 கிராம். உங்கள் வீட்டுக்காரருக்கு அந்த நாளைக்கான 25 கிராம் காலை எட்டரை மணிக்கே தாண்டியாச்சு. மதியச் சாம்பாரின் தாளிப்பு, பொரியல், கூட்டு எதுவுமே இன்னும் வரவில்லை. இதில் எந்த இடத்தில் ஏர் ஃப்ரையர் வந்து உதவும் என்று சொல்லுங்கள். தோசையை அதில் வார்க்க முடியாது, தாளிக்க முடியாது, பொடிக்கு எண்ணெய் ஊற்றும் கையைப் பிடித்து நிறுத்தவும் அதனால் முடியாது.

அமாவாசை வருஷத்துக்குப் பன்னிரண்டு, சில வருஷம் பதின்மூன்று. அன்றைக்கு இரண்டு வடை தின்பதால் வரும் எண்ணெய்யைவிடத் தினசரித் தோசை எண்ணெய் பல மடங்கு. அதனால் வடையை மாமியார் விருப்பப்படியே விட்டுவிடுங்கள். உளுந்தைத் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரையுங்கள். இளகின மாவும், சூடு போதாத எண்ணெய்யும் சேர்ந்தால்தான் வடை எண்ணெய் குடிக்கும். அகலச் சட்டி வேண்டாம், சின்னச் சட்டியில் கொஞ்சமாக எண்ணெய் வைத்து நாலு நாலாகப் போடுங்கள். மிஞ்சியதை வடிகட்டி அடுத்த இரண்டு நாள் தாளிக்க வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி பொரிக்க வேண்டாம்.

தோசைக்கு எண்ணெய்ப் பாத்திரத்தைச் சாய்த்து ஊற்றுவதை நிறுத்தி, டீஸ்பூனால் அளந்து விடுங்கள். நன்றாகப் பழகிய இரும்புக் கல்லில், எண்ணெய்யில் தொட்ட பாதி வெங்காயத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் அரை டீஸ்பூனே போதும். மிளகாய்ப் பொடியை எண்ணெய்யில் குழைத்துத் தட்டில் வைப்பதற்குப் பதிலாக, இட்லி மேல் பொடியைத் தூவி மேலாக இரண்டு சொட்டு விடலாம். இதற்கெல்லாம் செலவு கிடையாது. அப்புறம், கடைச் சிப்ஸ் பாக்கெட்டில் எடையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான் என்பதை மகளுக்கும் சேர்த்துச் சொல்லிவையுங்கள். கணவர் சாயங்காலம் பஜாருக்குப் போய் டீயோடு என்ன கடிக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் பொரித்த எண்ணெய்யையே திரும்பத் திரும்பக் காய்ச்சும் கடை எது என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? வீட்டு வடையை நிறுத்திவிட்டு அந்தக் கடைக்கு அவரை அனுப்புவதில் லாபம் ஒன்றுமில்லை. மற்றபடி எந்த எண்ணெய், எவ்வளவு என்பதெல்லாம் அவர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் சொல்ல வேண்டியது. எண்ணெய்யைக் குறைத்துவிட்டோம் என்று மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

கரண்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை. 1500 வாட் ஏர் ஃப்ரையர் இருபது நிமிஷம் ஓடினால் அரை யூனிட். தினம் ஒரு வேளை ஓட்டினாலும் இரண்டு மாதப் பில்லில் 30 யூனிட்டுக்கு மேல் போகாது. சூடு ஏறியதும் காயில் அணைந்து அணைந்து எரிவதால் அதைவிடக் குறையவும் செய்யும். நீங்கள் ஏற்கெனவே 500 யூனிட் ஓரத்தில் நிற்கிற வீடு என்றால் மட்டும் யோசியுங்கள்; அதைத் தாண்டினால் பில்லின் விகிதமே மாறிவிடும்.

பில்லைவிட எனக்குக் கவலை பிளக் பாயின்ட் பற்றித்தான். 1500 வாட் என்றால் ஆறு ஆம்பியருக்கும் மேலே இழுக்கும். மிக்ஸி மாட்டுகிற சின்னப் பாயின்டில் செருகக் கூடாது, ஃபிரிட்ஜுக்குப் போடுகிற பெரிய பாயின்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் ஆகாது, இன்வெர்ட்டரில் ஓட்டவும் கூடாது. சாயங்காலம் உங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்குமா? 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் 1500 வாட் பெட்டி 900 வாட் சொச்சத்தில்தான் ஓடும். புத்தகத்தில் இருபது நிமிஷம் என்று போட்டிருப்பது அரைமணி நேரமானாலும் வேகாது. பெங்களூரில் மகனுக்கு நன்றாக வருவது அம்பையில் வராமல் போக இது ஒரு காரணமாகலாம்.

என் முடிவு: இப்போது வேண்டாம். ஒரு மாதம் எண்ணெய்யை அளந்து பாருங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது மீனோ கிழங்கோ வறுக்கிற வீடு என்று தெரிந்தால் அப்புறம் வாங்கலாம். ஏற்கெனவே கன்வெக்‌ஷன் (ஃபேன் வைத்துச் சூடான காற்றைச் சுழற்றும்) வசதியுள்ள மைக்ரோவேவ் வீட்டில் இருந்தால் அப்போதும் வேண்டாம், அதிலேயே இந்த வேலை எல்லாம் நடக்கும்.

மகன் கேட்காமல் ஆர்டர் போட்டுவிட்டான் என்றால், நான்கு பேருக்கு நான்கு லிட்டருக்குக் குறையாத கூடையாகப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் ஒரு அடுக்குக்கு மேல் அடுக்கினால் கீழே இருப்பது வெந்தும் வேகாததுமாகக் கிடக்கும், இரண்டு தடவையாகத்தான் போட வேண்டும். தொடுதிரையும் செல்போன் ஆப்பும் இருக்கிற மாடலுக்குக் கூடுதல் பணம் தருவது வீண். சூட்டுக்கு ஒன்று, நேரத்துக்கு ஒன்று என இரண்டு திருகு இருந்தால் மாமியாராலும் போட முடியும். கூடையின் கறுப்புப் பூச்சு 200 டிகிரியில் ஒன்றும் ஆகாது, ஆனால் கம்பி நார் பட்டால் உரியும். மெத்தென்ற ஸ்பாஞ்சால் தேய்க்க மகளிடம் சொல்லிவையுங்கள். பின்பக்கம் சூடான காற்று வெளியே வரும், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். சர்வீஸ் சென்டர் திருநெல்வேலியிலாவது இருக்கிறதா என்றும் பணம் கட்டுமுன் அவனைப் பார்க்கச் சொல்லுங்கள். பெங்களூருக்கு பார்சல் கட்டி அனுப்பி ரிப்பேர் பார்க்கிற சாமான் இல்லை அது.